நாற்பத்து நான்காவது கேள்வி

பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது "இப்ப என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்டால் நான் தடுமாறுவேன். இசைத்துறை என்றால் எங்கே பாடுகிறீர் என்பார்கள். பாடுவதில்லை என்றால் என்ன வாசிக்கிறீர் என்பார்கள். இரண்டும் இல்லை. திரைப்பட இசையமைப்பாளர் எழுபது வாத்தியங்களுக்கும் சேர்த்து ஒரே பெரிய தாளில் எழுதுவார். ஆனால் வயலின்காரருக்கு முன்னால் வயலினுக்குரியது மட்டும் இருக்கவேண்டும், புல்லாங்குழல்காரருக்கு முன்னால் புல்லாங்குழலுக்குரியது மட்டும். பெரிய தாளைப் பார்த்து அந்தத் தனித்தாள்களைத் தயாரிக்கும் பிரதியாளர் வேலைதான் என்னுடையது. ஒரு சுரப் புள்ளி பிசகினால் எழுபது பேருடைய நேரம் வீணாகும். மெல்லிய இசைக்கு நடுவே தாள் புரட்ட நேர்ந்தால் அந்தச் சரசரப்பும் படத்தில் பதிந்துவிடும். கவலைப்படுகிறவர்களுக்கு ஏற்ற தொழில் இது, அல்லது அவர்கள் கிட்டவே போகக்கூடாத தொழில். எது என்று எனக்கு நெடுங்காலம் தெரியாமல் இருந்தது.

மகளுக்கு ஒன்பது மாதமானபோது நான் வேலைக்குத் திரும்பினேன். திரும்பினேன் என்பதைவிட, திரும்பிப் பார்த்தேன் என்று சொல்லலாம். எங்கள் தலைமைப் பிரதியாளர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, நேரத்தில் மிகவும் கறாரானவர். "இந்த ஒரு படத்தைச் செய்துபார். சரிவந்தால் தொடர்ந்து கூப்பிடுகிறேன்" என்றார். அதே கிழமை என் கணவருடைய அக்கா, எனக்கு மச்சாள், கவுன்சிலில் ஒரு வேலை காலியாக இருப்பதாகச் செய்தி கொண்டுவந்தார். வீட்டு வரிப் பிரிவு. கோலியர்ஸ் வுட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். ஒலிப்பதிவு வெள்ளிக்கிழமை, கவுன்சிலுக்குப் பதில் சொல்லவேண்டியது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை என்னால் ஏதாவது கெட்டால் இசையை விட்டுவிட்டு வரிப் பிரிவுக்குப் போய்விடுவது என்று எனக்குள் முடிவு செய்துவைத்தேன். அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தப் படத்தின் இசையமைப்பாளர் ஜப்பானியர். எழுபது வயதைத் தாண்டியவர், லண்டனில் ஒலிப்பதிவு செய்ய வருவது அவருக்கு அதுதான் முதல் தடவை. அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நான் படித்தேன். யாரும் படிக்கச் சொல்லவில்லை. மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு ஒரு கையில் போனைப் பிடித்தபடி படித்தேன்.

இளமையில் அவரும் பிரதி எழுதுகிறவராகத்தான் இருந்திருக்கிறார். பிறகு விளம்பரங்களுக்கு இசை: சோயா சோஸுக்குப் பதினைந்து விநாடி, குளிர்சாதனப் பெட்டிக்கு முப்பது விநாடி. அதன்பின் தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர்கள். அங்கே இசையமைப்பாளருக்குப் படத்தைக் காட்டவே மாட்டார்களாம். படம் வரைந்து முடிந்திருந்தால்தானே காட்டுவதற்கு! அதற்குப் பதிலாக ஒரு பட்டியல் வரும். சந்தோஷம் 1, சந்தோஷம் 2, பள்ளிக்கூடம் காலை, துரத்தல், சண்டைக்கு முன், கவலை 1, கவலை 2 (காரணம் இல்லை). இப்படி ஐம்பது துண்டுகளை எழுதி ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்து கொடுத்துவிட்டால், அவற்றை வெட்டி ஒட்டி ஆண்டு முழுக்கப் பாவிப்பார்கள்.

கவலை 2 என்ற இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். காரணமில்லாத கவலைக்குத் தனியாக இசை இருக்கிறது. ஒருவர் அதை எழுதிச் சம்பளமும் வாங்கியிருக்கிறார். அவர் செய்த தொடர்களின் பெயர்களைத் தேடிப் பார்த்தபோது அவற்றில் ஒன்று, சனிக்கிழமைக் காலைகளில் அம்மா வேலைக்குப் போயிருக்கும்போது நான் டிவிக்கு முன்னால் சீரியல் கிண்ணத்தோடு இருந்து பார்த்ததாக இருந்தது. ஏழு வயதில் அந்தக் கவலை 2 ஐ நான் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ.

இன்னொரு செய்தியையும் மனதில் வைத்துக்கொண்டேன். தொலைக்காட்சி நாட்களில் ஒலிப்பதிவுக்கூடத்தின் நேரம் எப்போதும் கடைசித் துண்டுக்கு முன்னரே முடிந்துவிடுமாம். ஒரு தொடரின் விடைபெறும் இசையை அரைகுறையாகக் கொடுக்க நேர்ந்தது அவருக்கு ஆறாத கோபம். அன்றிலிருந்து முதலில் தொடக்க இசை, உடனே முடிவு இசை, அதற்குப் பிறகுதான் நடுப்பகுதி என்று எழுதுகிற பழக்கம் வந்ததாம். பெரிய படங்கள் தேடி வந்த பிறகும் அதை அவர் விடவில்லை.

இந்தப் படத்தின் தொடக்கத்தில் ஒரு தீவின் இறங்குதுறையில் சிறுமி ஒருத்தி நிற்கிறாள். அவளுடைய தாயை ஏற்றிக்கொண்டு கப்பல் போகிறது. முடிவில் அதே கப்பல் திரும்பி வருகிறது. போகும்போது வரும் இசைத்துண்டுக்கு எம் ஏழு என்று எண். வரும்போது வருவது எம் முப்பத்தொன்று.

அவர் பென்சிலால் எழுதுகிறவர். எங்களுக்கு வந்தது கையெழுத்துப் பிரதியின் ஸ்கேன். எம் முப்பத்தொன்றின் நடுவில் நான்கு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த பெட்டிகளைத்தான் நான் கட்டம் என்கிறேன். வெற்றுக் கட்டங்களில் சி, டி, ஈ, எஃப் என்ற எழுத்துகள் மட்டும். எம் ஏழில் அதே எழுத்துகளுள்ள கட்டங்களை அப்படியே இங்கே போடு என்று அதற்கு அர்த்தம். கையால் எழுதுகிறவர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க இப்படிச் செய்வதுண்டு.

நான் எம் ஏழுக்குப் போனேன். அந்த நான்கு கட்டங்களில் ராகம் மெல்ல இறங்கி அடங்கியது. ஆனால் அந்த இடத்தில் தாள் கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தது. ஸ்கேனைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். அழித்த பென்சில் புள்ளிகள், ஆவிகள் மாதிரி. அழிப்பதற்கு முன் அதே ராகம் அங்கே இறங்கவில்லை. ஏறியிருந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அவர் திகதி போடுவார். எம் ஏழில் இரண்டு திகதிகள் இருந்தன: பத்து, பக்கத்தில் சிறிதாக இருபத்து மூன்று. எம் முப்பத்தொன்றில் ஒன்றுதான்: பன்னிரண்டு. அப்படியானால் முடிவை எழுதி "அங்கே இருப்பதை அப்படியே போடு" என்று அவர் குறித்த நாளில் அங்கே இருந்தது ஏறுகிற ராகம். பதினொரு நாள் கழித்துத்தான் தாய் போகிற காட்சிக்கு அது பொருந்தவில்லை என்று அழித்து இறக்கியிருக்கிறார். முடிவையும் சேர்த்து மாற்ற நினைத்தாரா, அல்லது முடிவில் அது ஒளிந்திருப்பதையே மறந்துவிட்டாரா?

இசையமைப்பாளரிடம் கேட்கவேண்டிய சந்தேகங்களை எழுதிவைத்த கேள்விப் பட்டியலில் அதையும் சேர்த்தேன். நாற்பத்து நான்காவது கேள்வி.

தலைமைப் பிரதியாளர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நாற்பத்து நாலா? அந்த மனிதர் விமானத்தில் ஏறுவதற்கு முன் தூங்கவேண்டாமா? பத்து. பத்துக்கு மேல் அனுப்பமாட்டேன்."

"இந்தக் கடைசிக் கேள்வி..." என்றேன்.

அவர் ஸ்கேனைப் பார்த்தார். "அழித்தது அழித்ததுதான். தாளில் இருப்பதைப் போடு. அழிரப்பருக்குள் எல்லாம் தேடத் தொடங்கினால் நாம் கிறிஸ்மஸ் வரைக்கும் இங்கேதான் இருக்கவேண்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சொன்னபடி செய்கிற பிள்ளையாகவே வளர்ந்தவள் நான். இறங்குகிற ராகத்தையே போட்டேன், இசைக்குழுவை நடத்துகிறவருக்கான பெரிய தாளிலும் அதுவே போனது. ஆனால் வீட்டுக்கு வந்தால் மனம் ஆறவில்லை. சரி, நான் யார்? ஒரு பிரதியாளர். நாற்பது வருடம் இசையமைத்தவருக்கு மறதி என்று நினைக்க எனக்கு என்ன தகுதி? ஆனால் மறந்திருந்தால்? இப்படியே இரண்டு நாள் போனது. வியாழக்கிழமை மதியம், மகள் தூங்கிய நேரத்தில், எம் முப்பத்தொன்றுக்கு ஏறுகிற ராகத்தோடு இன்னொரு தொகுதி தயாரித்து எங்கள் வீட்டுப் பிரிண்டரில் எடுத்தேன். அந்த இடத்தில் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான் வாசிக்கும். இரண்டு பேருக்குத் தாள் வைக்க ஒரு தாங்கி, இருபது தாங்கிகள், இருபது பிரதிகள். இது எங்கள் தொழிலில் செய்யக்கூடாத காரியம். ஒரே துண்டுக்கு இரண்டு வகைத் தாள் கூடத்துக்குள் வந்தால், பாதிப்பேர் ஒன்றையும் மீதிப்பேர் மற்றதையும் வாசித்து எல்லாம் நாசமாகும். தெரிந்தால் வேலை போய்விடும். அதுவும் எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு பிரதியும் நான்கு பக்கம். புரட்டாமல் விரித்து வைக்கும்படி பக்கங்களை நாடாவால் ஒட்டவேண்டும். மச்சாள் மகளைப் பார்க்க வந்தவர், நிலத்தில் இருந்து எனக்கு ஒட்டித் தந்தார். பார்மசியில் வேலை செய்கிறவர், கை நேர்த்தி.

"உனக்கு ஒரு பிள்ளை காணாதெண்டு இந்தத் தாளுகளையும் வைச்சுத் தாலாட்டுறாய்" என்றார்.

"மச்சாள், அந்த ஓரம் கொஞ்சம் வளைஞ்சிட்டுது."

"எங்கை வளைஞ்சது? உன்ரை கண்தான் வளைஞ்சது. இது தேவைப்படுமோ படாதோ?"

"தெரியாது. அநேகமாத் தேவைப்படாது."

"தேவைப்படாத சாமானுக்கு என்னை முழங்காலிலை இருத்தி வைச்சிருக்கிறாய். கவுன்சிலிலை இந்தத் தொல்லை ஒண்டும் இல்லையடி பிள்ளை. அஞ்சு மணி எண்டால் கதவைப் பூட்டிப்போட்டு வீட்டை வரலாம்."

அன்று வேலை முடிந்து ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்த கணவர், சோபா முழுக்கத் தாள்களைக் கண்டு வாசலிலேயே நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வரிப் பிரிவுத் தீர்மானத்தைத் தவிர. "நான் செய்யிறது பிழையோ?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நீ கேள்வி கேக்காமல் இருந்தால்தான் எனக்குப் பயம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மகளின் உடம்பு கொஞ்சம் சூடாக இருந்தது. மூன்று தடவை வெப்பமானி வைத்தேன். மச்சாள் அதைப் பிடுங்கிக்கொண்டார். "முப்பத்தேழு புள்ளி நாலு. இது காய்ச்சல் இல்லை, பல்லு வருது. நீ போ. போகாட்டி நான் போய் அந்த ஜப்பான்காரருக்கு முன்னாலை நிண்டு சொல்லுவன், இவவுக்கு வர ஏலாது, தேர்மாமீட்டரோடை நிக்கிறா எண்டு."

ஒலிப்பதிவுக்கூடம் ஆர்ச்வேக்குக் கிட்ட இருந்தது. நோர்தேர்ன் லைன் ரயிலில் ஏறினால் மாறாமல் போகலாம். மாற்றுப் பிரதிகள் மகளுடைய பையின் அடியில், ஈரத் துடைப்பான்களுக்கும் கரட் மசியல் போத்தலுக்கும் கீழே இருந்தன. வேறு பை எடுக்க நேரமிருக்கவில்லை.

லண்டன் வாத்தியக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர்கள் ஒத்திகை பார்ப்பதில்லை. வந்து, கோட்டைக் கழற்றி, தாளை முதன்முதலாகப் பார்த்து, பார்த்தபடியே பதிவுக்கு வாசிப்பார்கள். ஜப்பானியர் சின்ன உருவம், வெள்ளைச் சப்பாத்து. இசைக்குழுவை நடத்துவதும் அவரேதான்; மேடையில் ஏறியதும் குனிந்து வணங்கினார். முதல் துண்டு முடிந்தபோது அவர் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு மொழிபெயர்க்கும் பெண்ணிடம் ஏதோ சொன்னார். "இது நேற்றே வாசித்துப் பார்த்ததா என்று கேட்கிறார்" என்றாள் அவள். வாத்தியக்காரர்கள் சிரித்து, கைதட்டுவதற்குப் பதிலாக வில்லால் தாங்கிகளைத் தட்டினார்கள். அன்று எல்லாமே அப்படித்தான் போனது. என் தாள்களில் ஒரு பிசகும் வரவில்லை. எம் ஏழில் கப்பல் போனபோது பின்வரிசையில் ஒருவர் மூக்கைச் சீந்தியதால் இரண்டாம் தடவை எடுக்க நேர்ந்தது.

கடைசியாக எம் முப்பத்தொன்று. இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நேரம் முடிந்தால் வாத்தியக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

வாசித்தார்கள். அழகாகவே இருந்தது. திரையில் கப்பல் வந்தது, சிறுமி ஓடினாள், தந்திகள் மெல்ல இறங்கி அடங்கின. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். பிறகு மெதுவாக ஏதோ கேட்டார்.

மொழிபெயர்ப்புப் பெண் தயங்கினாள். "கப்பல் ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்கிறார்."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். கப்பல் வந்து நின்றுதான் இருந்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அவர் பெரிய தாளைப் புரட்டினார், முன்னும் பின்னும். அவருடைய கையெழுத்துப் பிரதி டோக்கியோவில் இருந்தது. அவருக்கு முன்னால் இருந்தது நாங்கள் அச்சிட்டது. கடைசியில் தலையை ஆட்டிவிட்டு வாத்தியக்காரர்களைப் பார்த்துக் குனிந்தார். "தன்னுடைய தவறு என்கிறார். நீங்கள் நன்றாக வாசித்தீர்கள். இதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்." என் பக்கத்தில் இருந்த தலைமைப் பிரதியாளர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

நான் வாய் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது. வேலை தொடரும், பாராட்டும் கிடைக்கும், பையின் அடியில் இருப்பது வீட்டுக்குப் போய் மகள் கிறுக்குவதற்கு உதவும். அவ்வளவையும் நினைத்து முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன். எழும்புவதற்கு முன் யோசித்திருந்தால் எழும்பியிருக்கமாட்டேன்.

"மன்னிக்கவேண்டும். தவறு அவருடையதல்ல. எம் ஏழில் பத்தாம் திகதி அவர் எழுதியது ஏறுகிற ராகம். பன்னிரண்டாம் திகதி இந்த முடிவுக்குச் சொன்னது அதைத்தான். இருபத்து மூன்றாம் திகதி அதை அழித்துவிட்டார். என்னிடம் பழையது இருக்கிறது."

என் குரல் அந்தக் கூடத்தில் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. மொழிபெயர்ப்பு முடிய எவ்வளவு நேரம் எடுத்ததோ, எனக்கு ஒரு மணித்தியாலம். அவர் தன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினார், தா என்பதுபோல.

தலைமைப் பிரதியாளர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் கெட்டிக்காரி. "பழைய தாளை முதலில் எடு. ஒன்றுகூட மிஞ்சக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து மறுபக்க வரிசைக்கு ஓடினார். இரண்டு பேருமாக இருபது தாங்கிகளிலும் மாற்றினோம். நான்கு நிமிடம் எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆளுயர டபிள் பேஸ் வாசிப்பவர் தாளை விரித்து, மூலையில் இருந்த செம்மஞ்சள் கறையை மோந்து பார்த்தார். "கரட். இது எந்த வாத்தியத்துக்கு?" என்றார். அந்தப் பகுதி முழுக்கச் சிரித்தது.

மறுபடி வாசித்தார்கள். நான்கு கட்டங்கள்தான். முன்பு இறங்கிய இடத்தில் முதல் வயலின்கள் ஒரு படி ஏறின, பிறகு இன்னொரு படி, கீழேயிருந்து செலோக்கள் அதைத் தூக்கிப் பிடித்தன. யாரும் திரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. கப்பல் வந்துவிட்டது. இசை ஓய்ந்த பிறகும் ஒலிப்பதிவாளர் பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கை அணைக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு வில்கள் எல்லாம் தாங்கிகளில் தட்டின, மழை மாதிரி. இன்னும் ஆறு நிமிடம் மீதியிருந்தது.

அவர் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். கறைபட்ட தாளை வாங்கி, அந்த நான்கு கட்டங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஏன் முன்பே கேட்கவில்லை என்று கேட்டார்.

"பத்துக் கேள்விகள்தான் அனுப்பலாம் என்றார்கள். இது நாற்பத்து நான்காவது."

அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு மொழிபெயர்ப்புப் பெண்ணுக்கும் தொற்றிக்கொண்டது. "மிச்ச முப்பத்து மூன்றும் எங்கே என்று கேட்கிறார்."

தாழ்வாரத்தில் தலைமைப் பிரதியாளர் என்னைத் தனியே பிடித்தார். "எனக்குத் தெரியாமல் இரண்டாவது தொகுதி ஒன்றை இனிமேல் ஒருபோதும் கொண்டுவராதே." பிறகு கைப்பையைத் திறந்து நாட்குறிப்பை எடுத்தார். "கொண்டுவருவதென்றால் என்னிடம் சொல்லிவிட்டுக் கொண்டுவா. அடுத்த மாதம் பத்தாம் திகதிக்கு நீ இருக்கிறாய்தானே?"

வெளியே வந்து மச்சாளுக்குப் போன் அடித்தேன்.

"பிள்ளைக்கு இப்ப எவ்வளவு?"

"முப்பத்தாறு புள்ளி எட்டு. பல்லு வந்திட்டுது. உனக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லு."

"தேவைப்பட்டது மச்சாள். நீங்கள் ஒட்டின தாள். இருபதும்."

அவர் அந்தச் செய்தியை மகளிடம் சொல்வது கேட்டது. பிறகு, "கவுன்சில்காரருக்கு நான் சொல்லிவிடுறன்" என்றார். "நீ சொல்லப் போனால் அவையிட்டை நாலுதரம் மன்னிப்புக் கேட்டு, கடைசியிலை வேலையையும் எடுத்துக்கொண்டு வந்திடுவாய்."

அடுத்த படத்துக்கு டோக்கியோவிலிருந்து கையெழுத்துப் பிரதி வந்தபோது, கேள்விப் பட்டியல் கட்டாயம் வேண்டும், சுருக்கவேண்டாம் என்று ஒரு குறிப்பும் சேர்ந்து வந்தது. அறுபத்தொரு கேள்விகள் அனுப்பினேன். அறுபத்தொன்றுக்கும் பதில் வந்தது. அதில் இரண்டுக்கு, தனக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.

கப்பல் படம் விம்பிள்டன் தியேட்டருக்கு வந்தபோது மகளையும் கூட்டிக்கொண்டு நால்வரும் போனோம். முடிவுக் காட்சி நெருங்க நெருங்க நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்காவது தாள் சரசரப்பு பதிந்திருக்குமோ? கடல் அலைச் சத்தத்துக்குள் ஒன்று கேட்டதுபோல இருந்தது. பிறகு வயலின்கள் ஏறின, முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் கதிரைகளில் எழுந்து நின்றார்கள், நான் கேட்பதை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தேன்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் சனம் எழும்பியது. மச்சாள் வரிசையின் நுனியில் கால்களைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தார். "இருங்கோ, இன்னும் முடியேல்லை." கடைசியில், நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே, பொடி எழுத்தில் என்னுடையது வந்து போனது. கணவர் கை தட்டினார். மகளும் தட்டினாள், எதற்கென்று தெரியாமல்.

மச்சாள் அடுத்த கதிரையில் இருந்த முன்பின் தெரியாத ஆங்கிலப் பெண்மணியின் பக்கம் திரும்பி, தன் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்: "அந்தக் கப்பல் திரும்பி வந்ததே, அதற்குத் தாள் ஒட்டியது நான்."